வகுத்தலும் பெருகுதலும்: திருவாசக இசைப்பணி ஒன்றை முன்னிட்ட ஆராய்ச்சி

கலைஞன் ஒருவன் தான் செய்யும் பொருளை முன்னரே நினைந்து, அளந்து, வகுத்துக்கொண்டு செய்தல் சிறப்போ, அன்றி உள்ளத்தில் எழுந்த உணர்ச்சி கரைபுரண்டு வந்தவாறே வெளிப்பட விடுதல் சிறப்போ என்னும் வினா மிகப் பழையது. பின்னையதே சிறப்பு என்பாரே பெரும்பாலார். சைவ நன்மக்களும் இம்முடிபிற்கு எளிதில் உடன்படுவர். அருளாளர்கள் திருவருள் உணர்த்த உணர்ந்து பாடினார்களாதலின், அவர்தம் பாடல்களில் வகுத்தல் என்பதற்கு இடமேது என்பது அவர் கருத்து. இக்கருத்து அன்பினின்று பிறந்ததே ஆயினும் ஆராய்ச்சிக்கு நில்லாது. அருளாளரை உயர்த்தப் புகுந்து அவர்தம் தொண்டினை மறைப்பதாய் அது முடியும். அஃது அவ்வாறாதலை முதற்கண் காட்டி, அவ்வழியே அண்மைக்காலத்துத் திருவாசக இசைப்பணி ஒன்றனை அளந்து காணுதல் இக்கட்டுரையின் நோக்கமாம்.

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர். அவ்வூரினின்று போடிமெட்டின் வழியே மேலேறுவார்க்கு ஏலத்தோட்டங்கள் எதிர்ப்படும். அத்தோட்டத்து வேலையை ஒருமுறை கூர்ந்து நோக்கினார்க்கு மேற்கூறிய வினாவின் இயல்பு ஒருவாறு விளங்கும். ஏலச்செடி கடுவெயிலைப் பொறாது. மிக்க இருளையும் பொறாது. ஆதலின் மழைக்காலத்தின் முன்னரே நிழல்மரங்களின் கிளைகளைக் கழித்து, வேண்டுமளவு ஒளி விழுமாறு செய்வர். நட்ட செடி பயன் தருதற்கு மூன்றாண்டளவும் காத்திருப்பர். இவையெல்லாம் வகுத்துச் செய்வன. பூவோ, செடியின் அடியினின்று நிலத்தையொட்டிப் படரும் கொத்துக்களில் தனக்குரிய நாளில் மலர்ந்து, ஒருநாளளவே நிற்கும், தேனீ வந்து தீண்டின் காயாகும், தீண்டாதாயின் உதிரும். ஒரு கொத்திலுள்ள காய்களும் ஒருங்கே முற்றுவதில்லை. அதனாற் பறிப்போர் 30, 40 நாட்களுக்கு ஒருமுறை அச்செடியிடத்தே மீண்டும் மீண்டும் வந்து குனிந்து, முற்றிய காயை மட்டும் தெரிந்து கொய்வர். கொய்த காயைச் சூட்டறையில் வைத்து இளஞ்சூட்டில் மெல்ல உலர்த்துவர். சூடு மிகின் பசுமை நிறம் கெடும், மணமும் குன்றும். முற்றுதல் செடியின்பாலது. முற்றுதற்கேற்ற நிழலமைத்தலும், முற்றியதை அறிந்து கொள்ளுதலும், கொண்டதனைக் கெடாது காத்தலும் மாந்தர்பாலன. இவற்றுள் ஒன்று மற்றொன்றற்குப் பகையன்று.

முற்றுதல் என்னும் இதனையே சித்தாந்த நூல்கள் பரிபாகம் என்னும். ஆணவமலம் தன் சத்தி மெலிந்து நீங்குதற்குரிய பக்குவம் எய்துதல் மலபரிபாகம் எனப்படும். இருவினையொப்பும் மலபரிபாகமும் வாய்த்தவழிச் சத்திநிபாதம் நிகழும் என்பது நூல்முடிபு. சத்திநிபாதம் உயிரின் முயற்சிக்குக் கொடுக்கப்படும் கூலியன்று. அருள் தானே வந்து பதிவது. அற்றாயினும், சரியை கிரியை யோகங்களாகிய தவநெறி வேண்டா என்று ஆசிரியர் எவரும் கூறிற்றிலர். கண் தானே ஒளியை உண்டாக்கமாட்டாது. எனினும் ஞாயிறு எழுங்கால் கண்ணைத் திறந்திருத்தல் காண்பான் கடன். அருள் வருதல் உயிரின் வயத்ததன்று. வருங்கால் அது தங்குதற்கு இடஞ்செய்து வைத்தல் தொண்டின் வயத்தது. கலைபற்றி எழுந்த வினாவிற்கும் விடை இதனுள் அடங்கிக் கிடக்கின்றது.

இதனைப் புராண வரலாறு ஒன்று இன்னும் தெளிவுறக் காட்டும். போடி மலைகளினின்று இறங்கும் கொட்டகுடியாறு வையையிற் கலக்கின்றது. அவ்வையை ஒருகால் கரைபுரண்டமையைப் பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்துள் விரித்துரைத்தார். வாதவூரடிகளைப் பாண்டியன் ஒறுத்தபொழுது வையை பெருகிற்று. கரையை அளந்து மதுரை மாநகரத்துக் குடிகளுக்குப் பங்கிட்டு, அவரவர் பங்கை அவரவர் அடைக்க என்று அரசன் ஆணையிட்டான். பிட்டு விற்று வாழ்ந்த முதியவளாகிய வந்தி, தனக்கு ஆளின்றி வருந்தினாள். சோமசுந்தரக் கடவுள் கூலியாளாய் வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு, மண் சுமப்பார் போன்றும் சுமவாதார் போன்றும் ஆடியும் பாடியும் உறங்கியும் பொழுது போக்கினார். மற்றெல்லார் பங்கும் அடைபட்டது; வந்தியின் பங்கு ஒன்றே அடைபடாதிருந்தது. அரசன் பிரம்பால் அடித்த அடி எல்லா உயிர்மேலும் பட்டது. கடவுள் ஒரு கூடை மண்ணைக் கொட்டி மறைந்தருளினார், உடைப்பு அடைபட்டது.

இவ்வரலாற்றைக் கேட்போர் அனைவரும் அவ்வொரு கூடை மண்ணையே நினைந்து உருகுவர். அஃது இயல்பே. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. ஏனையோர் தத்தம் பங்கை அளந்தவாறு அடைத்திராராயின், அடைபடாத ஒரு பங்கு என்பதும் புலப்பட்டிராது. அளவையும் பங்கீடும் உழைப்பும் முற்றுப்பெற்ற கரையில் ஓரிடம் வெறிதே நின்றது. அவ்விடத்தே அருளின் கூடை விழுந்தது. பங்கீடே வேண்டா என்று நகரத்தார் உறங்கிக் கிடந்து இறைவன் வருவான் என்று காத்திருந்தால் அது சோம்பல். ஒரு பங்கும் விடாது தாமே அடைத்துவிட்டோம் என்று தருக்குதல் யான் எனது என்னும் செருக்கு. செய்யற்பால அனைத்தையும் செய்து, தன்னால் இயலாத ஒரு பங்கை அவன் வரவிற்கு விட்டிருத்தலே நெறி.

அற்றேல், அருளாளர் பாடல்களில் அத்தகைய அளவையும் பங்கீடும் யாண்டுள எனின், திருவாசகத்துள்ளேயே உள. நெஞ்சுருகிக் கதறும் பகுதி யாது என வினவின் நீத்தல் விண்ணப்பத்தைச் சுட்டாதார் இலர். கைவிடாதே என்னும் ஒரே முறையீடு 50 செய்யுட்களில் மாறி மாறி எழுகின்றது. அச்செய்யுட்கள் கட்டளைக் கலித்துறையால் ஆயவை. அடியொன்றற்கு ஐந்து சீர். அவற்றிடையே வெண்டளை பிழையாமை வேண்டும். ஒற்றொழித்து எண்ணின் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்தும், நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்தும் நிற்றல் வேண்டும். அதன்மேலும் ஒரு செய்யுளின் இறுதி அடுத்ததன் முதலாய் வரும் அந்தாதித் தொடை. கண்ணீர் வழிய முறையிடுவான் ஒருவன் எழுத்தெண்ணிப் பாடினான் என்று கூறின் நகைப்பிற்கிடமாம். எண்ணாது பாடினான் என்று கூறின் எண்ணிக்கை பிழையாது நிற்றல் யாங்ஙனம்? இரண்டும் பொருந்துதற்கு வழியொன்றே. எண்ணுதல் பாடுங்கால் நிகழ்ந்ததன்று. பாடுதற்கு முன்னே பல்லாண்டுப் பயிற்சியால் செவியிலும் நாவிலும் கலந்து இயல்பாகிவிட்டது. வகுத்தல் அவ்வாறு இயல்பாய் ஆயினவிடத்தே பெருகுதல் தடையின்றி நிகழ்ந்தது.

திருச்சதகமும் இதற்குச் சான்று. பத்துப் பத்தாய் வகுக்கப்பட்ட 100 செய்யுட்கள், பத்துத்தோறும் யாப்பு வேறுபட, அந்தாதியாய் இயல்கின்றன. திருக்கோவையாரோ 400 துறைகளை 25 கிளவிகளில் நிறுத்திய பெருவகுப்பு. களவில் தொடங்கிக் கற்பில் முடியும் அவ்வொழுங்கை முன்னரே உள்ளத்தில் நிறுத்தாதான் ஒருவன் அதனைப் பாடுதல் இயலாது. திருவாசகத்தைச் சொல்லக் கேட்டு எழுதிய பெருமானே கோவையும் பாடுக என்று பணித்து அதனையும் தம் கையால் எழுதிக்கொண்டார் என்பது வரலாறு. உருகிப் பாடியது உயர்ந்தது, வகுத்துப் பாடியது தாழ்ந்தது என்னும் வேற்றுமை எழுதிய கைக்கு இருந்ததாகத் தோன்றவில்லை. இரண்டும் எட்டாந்திருமுறையாய் ஒருங்கே நிற்கின்றன. ஞானசம்பந்தப் பிள்ளையார் மூன்றாம் ஆண்டில் ஞானப்பால் உண்டு பாடத் தொடங்கியவர். முன்பயிற்சி என்பதற்கு இடமில்லாத அவர் வாக்கிலேயே ஏகபாதம், மாலைமாற்று, எழுகூற்றிருக்கை முதலிய மிறைக்கவிகள் தோன்றின. அருளே நேர்நின்று பாடுவித்தவிடத்தும் அவ்வருள் ஒழுங்கைக் கைவிட்டதில்லை என்பது இதனாற் பெறப்படும். ஒழுங்கு அருளுக்கு விலங்காயின், அருள் அதனைத் தானே பூண்டுகொள்ளுமோ?

இறைவன் அடியெடுத்துக் கொடுத்தான் என்னும் வரலாறுகளும் இவ்வுண்மையையே அறிவுறுத்தும். திருத்தொண்டத்தொகைக்கு முதல் எடுத்துக் கொடுத்தான்; பாடியவர் நம்பியாரூரர். சேக்கிழார் பெருமானுக்கும் தில்லையில் முதல் எடுத்துக் கொடுத்தான் என்பர். அஃது ஒரு தொடக்கமே. அத்தொடக்கத்தைப் பெற்ற சேக்கிழார், திருத்தொண்டத்தொகையின் 11 திருப்பாட்டுக்களின் முதற்குறிப்புக்களைக் கொண்டு 11 சருக்கம் அமைத்து, முன்னே திருமலைச் சருக்கமும் இறுதியில் வெள்ளானைச் சருக்கமும் சேர்த்து 13 சருக்கமாக வகுத்தார். கயிலையில் தொடங்கிக் கயிலையில் முடியும் அவ்வமைப்பு, நாட்டை ஆளும் அமைச்சுரிமை பூண்டிருந்த ஒருவரது அளந்த அறிவின் விளைவு. கந்தபுராணம் பாடிய கச்சியப்ப சிவாசாரியர் வரலாறு இதனினும் வியப்புடைத்து. முருகப்பெருமான் கொடுத்த முதலடியிலேயே சொற்புணர்ச்சி ஒன்றுபற்றி அரங்கேற்றத்தில் தடை எழுந்தது. தடை கூறினாரைப் பெருமான் வெகுண்டாரல்லர். புலவர் ஒருவராய் வந்து, வீரசோழியத்தைக் காட்டி அதற்கு இலக்கண விதி உண்டு என்று விடை பகர்ந்தார் என்பது கதை. அருளால் வந்தது என்பது கொண்டே அவையத்தார் வாய் மூடினாரிலர். அருளும் அவ்வவைக்கு இலக்கணத்தாலேயே விடை கூறிற்று. சைவத் தமிழ் மரபு இத்துணைத் தெளிவாகக் கூறியிருக்க, ஆராய்ச்சியின்றி எழுவதே அருள்வாக்கு என்பது யாண்டிருந்து வந்த கொள்கையோ அறியக்கூடவில்லை.

இனி, இவ்வளவைகொண்டு அளக்கப்படும் இசைப்பணியை நோக்குக. போடியினின்று மலையடிவாரத்தை ஒட்டித் தெற்கே செல்லின், தேவாரத்தை அடுத்துப் பண்ணைப்புரம் என்னும் ஊர் உளது. 1943ஆம் ஆண்டில் அவ்வூரில் ஞானதேசிகன் என்னும் இயற்பெயரோடு பிறந்தவர் இசையமைப்பாளர் இளையராஜா அவர்கள். தமையனார் பாவலர் வரதராஜன் ஊர்தோறும் மேடையேறிப் பாடியவர். இளமையிலேயே அவரோடு சேர்ந்து பல ஊர்களிலும் இசைத்தமையால் வயற்பாட்டும் கூத்துப்பாட்டும் ஏட்டிற் காணாது செவியில் ஏறின. 1968இல் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலையிசை பயிலத் தொடங்கினார். பல குரல்கள் ஒருங்கே வெவ்வேறு வழியிற் சென்று ஒத்திசைக்கும் முறையும், அதனைத் தாளில் எழுதும் முறையும் அங்குக் கைவந்தன. கருநாடக இசையையும் முறையாகக் கற்றார். 1976இல் அன்னக்கிளி என்னும் திரைப்படத்தால் நாடறிந்தார். பாட்டின் மெட்டு விரைந்து தோன்றுதலும், அதற்குரிய பல்லியப் பகுதிகள் அனைத்தையும் கருவி தொடாது நேரே தாளில் எழுதிவிடுதலும் அவரிடத்துப் பலரும் கண்ட இயல்புகள். இசை தம்மாற் செய்யப்படுவதன்று, தானே வருவது என்பதும் அவர் மேடைகளிற் பலகாலும் கூறியதே.

2005இல் அவர் திருவாசகத்துள் ஆறு பகுதிகளினின்று எடுத்த பாடல்களை மேலைநாட்டுச் சிம்பொனிப் பல்லியத்தோடு இசைத்து வெளியிட்டார். அங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் நகரத்துப் பல்லியத்தார் இசைத்தனர். குழுவினர் குரலும் சேர்ந்தது. தலைமைக் குரல் அவருடையதே. யாத்திரைப் பத்து, சிவபுராணம், திருக்கோத்தும்பி, பிடித்த பத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப்பத்து என்பன அவ்வாறு பகுதிகளாம். சிவபுராணப் பகுதி ஏறத்தாழ 20 நிமிடம் இசைக்கின்றது; அமெரிக்கப் பாட்டாசிரியர் ஸ்டீபன் சுவார்ட்ஸ் இயற்றிய ஆங்கில வரிகளும் அதனுள் இடைமிடைந்து வருகின்றன. இப்பணியைக் குறித்து அன்பர்களிடை இருவகைக் கருத்து எழுதல் இயல்பு. உருகிப் பாடிய வாசகத்தை ஒவ்வொரு கருவிக்கும் அளந்து எழுதிய தாளிற் சிறைப்படுத்தலாமா என்பார் ஒருசாரார். விரைவிற் பொங்கி வந்த இசையாதலின் அருளிசையே. ஆராய்தல் தகாது என்பார் மற்றொருசாரார். இரண்டும் மேற்காட்டிய நெறிக்கு மாறுபட்டவை.

முதற்கூற்றை நோக்குக. எழுதப்பெற்றது ஆதலின் உயிரற்றது என்பது அக்கூற்றின் உட்கிடை. எழுத்தெண்ணி நிற்கும் நீத்தல் விண்ணப்பத்தைப் போற்றுவார் இவ்வாறு கூறுதல் பொருந்தாது. பலர் கூடி இசைக்கும் பல்லியத்தில் ஒவ்வொருவரும் தத்தம் பங்கை அறிந்து தொடங்குதலும் நிறுத்தலும் இன்றியமையாதன. வையைக் கரையைப் பங்கிட்டது போன்றதே அது. எனினும் அக்கூற்றினுள் ஓர் உண்மையும் மறைந்துளது. ஓதுவார் திருவாசகத்தை மோகனப் பண்ணில் ஓதுங்கால், உள்ளம் உருகியவிடத்து நிற்பர். ஒரு சொல்லையே மீட்டும் மீட்டும் எடுப்பர். கேட்போர் முகம் நோக்கி நீட்டுவர். ஒருவன் உருகி நிற்கும்வரை எழுதிய பல்லியம் காத்திராது. தாளிலுள்ள அளவு முடிந்தவுடன் அடுத்த பகுதி எழுந்தேயாகும். இக்குறைக்கு விடை பழைய வரலாற்றில் உண்டு. தருமபுரத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் சுற்றத்தார், பாணர் யாழால் அன்றோ பிள்ளையார் பாட்டுப் பெருமை பெற்றது என்றனர். பிள்ளையார் யாழில் அடங்காத இசையிற் பதிகம் பாடியருளினார். பாணர் நாணி யாழை முறிக்க ஓங்கினார். பிள்ளையார் அதனைத் தடுத்து, கருவியில் இயன்ற அளவு இசைத்தலே அமையும் என்று தேற்றினார். பாட்டு கருவியில் முழுதும் அடங்காது என்பது உண்மை. அதனாற் கருவியை முறித்தல் வேண்டா என்பதும் உண்மை.

அவ்வாறாயின், இவ்விசைப்பணியில் வந்தியின் பங்கு, வகுப்பார் தம் கையால் அடையாது விட்ட இடம், யாது? அது தலைமைக் குரல் நிற்குமிடம் எனலாம். கருவிகளின் பகுதியெல்லாம் வரையறைப்பட்டிருப்ப, தமிழ்ச் சொல்லின் குழைவும் மூச்சின் தளர்வும் நிமிர்வும் மேலையிசைக் குறியீட்டில் முற்றும் எழுதப்படுவன அல்ல. பண்ணைப்புரத்து மேடைகளிற் பழகிய அக்குரல், பயின்று மெருகேறிய பாடகர் குரல் போன்று மழமழப்புடையதன்று. மண்ணின் கரகரப்பு உடையது. அளந்த பெருங்கரையின் நடுவே அக்குரல் எழுங்கால், எழுதியவர் வேறு பாடுபவர் வேறு என்னும் உணர்வு கேட்போர்க்கு உண்டாகின்றது. திருப்பொற்சுண்ணம், திருக்கோத்தும்பி என்பவற்றைத் தேர்ந்தமையும் தக்கதே. சுண்ணம் இடிக்கும் மகளிர் உலக்கைப் பாட்டையும், தும்பியை விளித்துப் பாடும் பாட்டையும் அடிகள் எடுத்து இறைவன்பால் ஆக்கினார். நாட்டார் பாட்டின் வடிவம் அவர்க்கு முன்னரே வகுத்து வைத்த பாத்திரம், நிறைத்தது அன்பு. அவ்வடிவங்களைச் செவியால் அறிந்த மலையடிவாரத்துக் கலைஞர் ஒருவர் அவற்றை எடுத்தமை பொருத்தமுடைத்து.

குறையும் கூறாது விடுதல் நடுவுநிலையன்று. திருவாசகத்தின் வைப்பு முறையில் சிவபுராணம் முதற்கண் நிற்ப, யாத்திரைப் பத்து 45ஆவதாய் இறுதியை அடுத்து நிற்கின்றது. இவ்விசைத்தொகுதியோ யாத்திரைப் பத்தினை முதலில் வைத்துச் சிவபுராணத்தைப் பின்னர் வைத்தது. யாத்திரைக்கு எழுக என்று அடியாரை அழைத்துத் தொடங்குதல் அரங்கிற்கு ஏற்றதாகலின் அதனைக் குற்றமெனல் வேண்டா. சிவபுராணத்தின் உள்ளே செய்த மாற்றமே ஆராயற்பாலது. 95 அடிகளையுடைய அக்கலிவெண்பா, வாழ்த்தில் தொடங்கி, வெற்றி கூறி, போற்றி கூறி, வணங்குதலும் அவன் அருளாலேயே வாய்ப்பது என்று நிறுவி, அதன்பின்னரே அடிகள் தம் சிறுமையை நினைக்குமாறு அமைந்தது. இவ்வைப்பு பாட்டழகிற்காக மட்டும் அமைந்ததன்று, அது சித்தாந்தம். அருள் முன்னிற்க, அதன் ஒளியில் உயிர் தன் இருளைக் காண்கின்றது. விளக்கு வந்த பின்னரன்றோ அறையின் தூசு தெரியும்! இவ்விசையமைப்போ அடிகள் தம் சிறுமையை உரைக்கும் இடையடியினின்று தொடங்குகின்றது. ஆங்கில வரிகளும் மானிடன் ஒருவன் தன்னை நினைந்து வருந்தும் குரலாகவே முன்வருகின்றன. அதனால், உயிர் தன் குறையைத் தானே உணர்ந்து, பின்னர் இறைவனைத் தேடிச் செல்வது போன்ற முறை தோன்றிவிட்டது. பிறசமயத்தார்க்கு அஃது எளிதில் விளங்கும் முறையாகலாம். அடிகள் வைத்த முறை அஃதன்று.

ஈண்டுக் கருதுக. இக்குறை வகுத்தலால் வந்ததன்று. வகுத்தல் ஓரிடத்துக் குறைந்தமையால் வந்தது. கருவிகளின் ஒத்திசைவை அத்துணை நுணுக்கமாக வகுத்த கை, அடிகள் வகுத்த வைப்பையும் அவ்வாறே பேணியிருப்பின் இக்குறை நிகழ்ந்திராது. உணர்ச்சி மிக்கவிடத்தினின்று தொடங்குவோம் என்னும் விருப்பமே முறையை மாற்றிற்று எனலாம். உருக்கம் ஒன்றையே நாடுவார்க்கு நேரும் இடர் இதுவே. தமக்கு முன்னோர் செய்து வைத்த வகுப்பு, தம் உருக்கத்திற்குத் தடையாகத் தோன்றும். உண்மையில் அவ்வகுப்பே உருக்கம் தங்கும் கரையாம்.

விரைந்து வந்தது அருள் என்னும் இரண்டாங்கூற்றும் நில்லாது. 2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டன் மாநகரில் அரங்கேறிய தம் சிம்பொனியை ஏறத்தாழ 5 வாரத்தில் எழுதியதாக இளையராஜா கூறினார். அவ்விரைவைக் கண்டு வியப்போர், 1968இல் தொடங்கிய பயிற்சியையும் அதன்பின் நாள்தோறும் எழுதிய கையையும் அக்கணக்கிற் சேர்த்தல் வேண்டும். ஏலக்காய் பறிக்கும் கை ஒரு நொடியிற் பறிக்கின்றது. அந்நொடிக்குப் பின்னே நிழலமைத்த மூன்றாண்டு நிற்கின்றது. விரைவு அருளுக்கு அடையாளம் அன்று. தாமதம் அருளின்மைக்கு அடையாளமும் அன்று. நாட்கணக்காற் பொருளை அளத்தல் காயை நிறுக்காது கூடையை நிறுப்பது போலும்.

ஆகவே, இவ்விசைப்பணியைத் திருவாசக ஓதுதலுக்கு ஈடாகக் கொள்ளுதலும், திருவாசகத்திற்கு இழுக்காகத் தள்ளுதலும் ஒருங்கே தவறாம். அது திருவாசகத்திற்கு இசையால் எழுதிய ஓர் உரை என்க. உரைகளுள் பொருந்துவதும் பொருந்தாததும் உண்டு. பொருந்துவனவற்றைக் கொண்டு, பொருந்தாதவற்றைக் காரணங்காட்டி விலக்குதல் கற்றார் கடன். திருக்கோவையாருக்குப் பேராசிரியர் செய்த உரையையும் அறிஞர் அவ்வாறே ஆராய்கின்றனர். மூலம் உரையால் தேய்வதில்லை.

இவ்வாராய்ச்சி ஓர் இசைத்தொகுதியின் நன்மை தீமை கூறும் அளவில் நின்றுவிடுவதன்று. திருமுறை ஓதப் பயிலும் இளைஞர்களிடம், அன்பு இருந்தாற் போதும். பண்ணும் தாளமும் யாப்பும் அறிவது வீணுழைப்பு என்று கூறுவார் பலர். அவ்வாறு கேட்டு வளரும் இளைஞன் சிலநாள் உருகிப் பாடுவான். உருக்கம் வாராத நாளில் அவன் கையில் ஒன்றும் இராது. பண்ணும் தாளமும் அறிந்தால் போதும் என்று கற்பிப்பாரும் உளர். அவரிடம் பயின்றவன் என்றும் பிழையின்றிப் பாடுவான். உருக்கம் வந்த நாளிலும் அதற்கு இடம் இராது. முதல்வன் கரையின்றி வெள்ளத்தை விட்டவன். பின்னவன் வந்தியின் பங்கையும் தானே அடைத்தவன். இருவர்க்கும் வேண்டுவது ஒன்றே. எழுத்தெண்ணிய அடிகளின் கண்ணீரை நினைத்தல் வேண்டும். உருக்கம் வாராத நாளிலும் தன் பங்கு மண்ணைச் சுமந்து கரையை உயர்த்துக. உயர்த்திய கரையில் ஓரிடம் வெறிதாய் இருக்கட்டும். அவ்விடத்திற்குரிய கூலியாள் வருங்காலம் அவனுக்கே தெரியும். அவனுக்கென உதிர்த்து வைத்த பிட்டுடன் காத்திருத்தலே தொண்டர் செயல்.

திருச்சிற்றம்பலம்.